ஆனந்தா ப்ளூவும் ஆல்ட் வரியும்

“கடைப் பேரைப் போட்டா கூகுள்ல வருது. புடவையைப் போட்டா வரமாட்டேங்குதே, ஏன்?” காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக் கடைக்காரர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நியாயமான கேள்வி. கடைப் பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்துவிடுவார். பெயர் தெரியாமல், அரக்குக் கலர், பச்சைக் கரை, சின்ன புட்டா என்று மனதில் ஒரு புடவையை வைத்துக்கொண்டு செல்பேசியைத் தடவுகிறவர்தான் புது வாடிக்கையாளர். அவர் தேடல் முடிவில் எதையும் படிப்பதில்லை. ‘இமேஜஸ்’ என்பதைத் தட்டிவிட்டுப் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறார். அந்த வரிசையில் நம் கடைப் புடவை முன்னால் வரவேண்டும். எனக்குக் கூலி அதற்குத்தான். தளம் கட்டுவது வேறு ஆள், விளம்பரம் போடுவது வேறு ஆள். நான் படங்களை மட்டும் பார்க்கிறவன்.

கூகுளின் படத் தேடல் பிறந்ததே ஓர் உடுப்பினால்தான் என்று சொன்னால் ஜவுளிக்காரர்கள் சிரிப்பார்கள். 2000 பிப்ரவரியில் கிராமி விருது விழாவுக்கு ஜெனிஃபர் லோபஸ் வெர்சாசே நிறுவனத்தின் பச்சை உடையில் வந்தார். அதைப் பார்க்க ஆசைப்பட்டு உலகமே கூகுளில் தேடியது. கூகுளோ அப்போது நீலநிறச் சுட்டிகளை வரிசையாகக் காட்டத் தெரிந்த இயந்திரம். உடையைக் காட்ட அதற்கு வழியில்லை. 2001 ஜூலையில் படத் தேடலைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பச்சை உடைதான் தூண்டுகோல் என்று பின்னாளில் எரிக் ஷ்மிட் எழுதினார். ஒரு முதலாளியிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, “துணி என்ன ரகம்?” என்றார். பட்டு ஷிஃபான் என்றேன். “அப்போ சரி” என்று தலையாட்டினார்.

ஒரு கடையின் படங்கள் என் கைக்கு வரும் விதம் எங்கும் ஒன்றுதான். பென் டிரைவைக் கணினியில் செருகினால் ‘ஐஎம்ஜி 4021’, ‘ஐஎம்ஜி 4022’ என்று கேமரா வைத்த பெயரோடு கோப்புகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஆறு எம்பி, எட்டு எம்பி. இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி, மசங்கி, நூறு கேபிக்குச் சுருங்கிப்போனவை. நடுவாந்திரமாக எதுவும் வராது.

முதல் வேலை பெயர் மாற்றுவது. ‘ஐஎம்ஜி 4021’ என்ற பெயரிலிருந்து இயந்திரம் எதைப் புரிந்துகொள்ளும்? பூனைக்குட்டிப் படத்துக்குப் பூனைக்குட்டி என்று பெயர் வையுங்கள் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. சொற்களுக்கு நடுவே கீழ்க்கோடு போடாமல் சிறுகோடு போடவேண்டும். இதில் தமிழ்ப் பற்றுள்ள முதலாளிகளோடு எனக்கு ஒரு நீண்ட வழக்கு உண்டு. கோப்புப் பெயரையும் தமிழிலேயே வைக்கவேண்டும் என்பார்கள். வைக்கலாம், கூகுளுக்கு அது புரியும். ஆனால் இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக நீளும். ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. ‘பட்டுப்புடவை’ என்பதில் புள்ளி, உகரக் குறி, ஐகாரக் குறியெல்லாம் தனித்தனிக் குறிகள், எண்ணினால் பன்னிரண்டு. ஆக, அந்த ஒரு சொல் முகவரியில் 108 எழுத்தாகும். அர்ச்சனைக்குச் சரியான கணக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு இல்லை. பெறுகிறவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிடுவார். அதனால் கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பேன். தமிழைப் பக்கத்துக்குள், கண்ணில் படும் இடத்தில் வைப்பேன். தமிழ் அங்கேதான் வேலை செய்யும்.

ஏனென்றால் படத் தேடலில் பாதிக்கு மேல் சொல் வேலை. தலைப்பு, படத்தின் கீழே உள்ள வரி, பக்கத்தில் இருக்கும் பத்தி, படத்தோடு மறைவாகப் போகும் ஆல்ட் வரி, இத்தனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு படம் எதைப் பற்றியது என்று தேடுபொறி முடிவு செய்கிறது. அந்தச் சொற்களை எங்கிருந்து எடுப்பது? தொழிலுக்கு வரும் புதுப் பையன்கள் அதற்கென்று இருக்கும் மென்பொருளில் எடுப்பார்கள். அதிகமாகத் தேடப்படும் சொற்களை அது பட்டியல் போட்டுக் கொடுக்கும். பட்டியலில் முதலில் நிற்பது ‘சில்க் சாரி’. ஊரில் உள்ள அத்தனை கடையும் அந்தச் சொல்லுக்காக முட்டிக்கொண்டு நிற்கும்போது, சின்னக் கடை அங்கே போய் என்ன செய்யும்?

நான் கடையின் பழைய விற்பனையாளரிடம் போவேன். கல்லாவில் இருப்பவருக்கு விலை தெரியும். மெத்தையில் உட்கார்ந்து புடவையை வீசிப் போடுகிறவருக்குத்தான் பெயர் தெரியும். ஒரு கடையில் அப்படி ஒரு பெரியவர் இருக்கிறார். வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை, காதில் பென்சில். அவர் முன்னால் மடிக்கணினியை வைத்து ஒவ்வொரு படமாகக் காட்டினேன். ஒரு நீலப் புடவை வந்தது. தளம் கட்டியவர் அதற்கு ‘ப்ளூ சாரி’ என்று போட்டிருந்தார். நான் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவன் என்ற நினைப்பில், “இது எம்.எஸ். ப்ளூ தானே ஐயா?” என்றேன்.

“இல்ல தம்பி, ஆனந்தா ப்ளூ. எம்.எஸ். ப்ளூ இதைவிட ஆழம். இது கொஞ்சம் துள்ளும்.” எழுந்து போய் இரண்டையும் எடுத்துவந்து மடியில் போட்டார். திரையில் ஒரே மாதிரி தெரிந்த இரண்டு நீலம், மடியில் இரண்டு ஊராகத் தெரிந்தது. “எம்.எஸ். அம்மா பேர்ல வந்த கலரை அவங்க கட்டின மாதிரிக் கேட்டுத்தான் வருவாங்க. ஆனந்தாவைக் காட்டினா எழுந்து போயிடுவாங்க.”

அன்று அவர் வாயிலிருந்து வந்த சொற்களை எழுதிக்கொண்டே இருந்தேன். ராமர் பச்சை, கிளிப்பச்சை, மாந்துளிர், வெங்காயத் தோல், மயில் கழுத்து. கட்டத்தில் பாலும் பழமும், முத்துக்கட்டம். கோட்டில் வைர ஊசி. கரையில் கோபுரம், தாழம்பூ ரேக்கு, மயில்கண், ருத்ராட்சம். சொல்பட்டியல் மென்பொருளில் இவற்றில் பாதி இல்லை; குறைவாகத் தேடப்படுவதால் அது விட்டுவிடும். ஆனால் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூகுளின் சர்ச் கன்சோலில் தேடல் வகையைப் ‘படம்’ என்று மாற்றிப் பார்த்தால், எந்தச் சொல்லைத் தட்டியவருக்கு நம் படம் காட்டப்பட்டது என்பது தெரியும். அங்கே ‘மயில் கழுத்து கலர் பட்டு’, ‘மாம்பழக் கலர் அரக்கு பார்டர்’ என்றெல்லாம் கிடக்கும். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டப்பட்ட தமிழ், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். பாட்டி கட்டியிருந்த புடவையைப் பேத்தி தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பாட்டி சொன்ன பெயர்தான் தெரியும். அந்தப் பெயரை எழுதியிருக்கும் கடை ஒன்றோ இரண்டோதான். போட்டியே இல்லாத இடம் அது. வருகிறவரும் வாங்க வருகிறவர்.

ஆல்ட் வரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தொழில்காரர்கள் அதைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அது தேடுபொறிக்காகப் பிறந்ததே இல்லை. படம் வராதபோது அதன் இடத்தில் எழுத்து வரட்டும் என்று வைத்தார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் அதைத்தான் சத்தமாகப் படிக்கிறது. 1990-களின் கடைசியில் வந்த எச்டிஎம்எல் 4 ஒவ்வொரு படத்துக்கும் அது இருந்தே ஆகவேண்டும் என்றது. நம் ஆட்களோ அதற்குள் ‘பட்டுப்புடவை, காஞ்சிபுரம் பட்டுப்புடவை, கல்யாணப் பட்டுப்புடவை, விலை குறைந்த பட்டுப்புடவை’ என்று மூட்டை கட்டுகிறார்கள். ஒரு பக்கத்தில் நாற்பது புடவை இருந்தால் நாற்பது தடவை அதே மூட்டை. பார்வையற்ற ஒருவர் தன் மனைவிக்குப் புடவை பார்க்க அந்தப் பக்கத்துக்கு வந்தால் என்ன பாடுபடுவார்? கூகுளுக்கும் இந்த மூட்டை பிடிக்காது. நான் எழுதுவது இப்படி இருக்கும்: ‘ஆனந்தா ப்ளூ காஞ்சிபுரம் பட்டு, அரக்குக் கோர்வைக் கரையில் கோபுரம், உடலில் சின்ன மாங்காய் புட்டா.’ போனில் ஒருவருக்குப் புடவையை வர்ணித்தால் எப்படிச் சொல்வோமோ அப்படி. அதற்குமேல் ஒரு சொல்கூட வேண்டாம்.

புடவையில் இல்லாததை அந்த வரியில் எழுதவும் மாட்டேன். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வேறு ஊர் விசைத்தறியில் ஓடிய சரக்குக்கும் ‘காஞ்சிபுரம்’ என்று சேர்த்துப் போடச் சொல்லும் முதலாளிகள் உண்டு. “ஆல்ட்ல தானே, யாருக்குத் தெரியப்போவுது?” என்பார்கள். மறைவாக இருப்பதை இயந்திரம் படிக்கிறது என்பதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். சில சமயம் வேலையும் நின்றுவிடும்.

சொல்லுக்கு அடுத்தது நிறம். பட்டை நேர்மையாகப் படம் பிடிப்பது பெரிய வம்பு. கடைக்குள் இருக்கும் விளக்கில் அரக்கு ஒரு மாதிரி, வாசலில் வேறு மாதிரி. நல்ல விற்பனையாளர் வாடிக்கையாளரை வாசலுக்குக் கூட்டிப்போய், “வெளிச்சத்துல பாருங்கம்மா” என்பார். நானும் முடிந்தவரை முற்றத்து வெளிச்சத்தில் எடுக்கச் சொல்வேன். மயில் கழுத்து மாதிரி இரட்டைக் கலர் என்றால் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நேராகப் பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் இன்னொன்று. விரித்துப் போட்டு எடுத்த ஒற்றைப் படம் அதில் பாதியை மறைத்துவிடும். மடிப்பு விழும்படி போட்டு எடுத்தால் இரண்டும் தெரியும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தைச் சுருக்கும்போது கெடுப்பதுதான் வழக்கம். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியில் எடுத்திருப்பார்கள். சுருக்கும் கருவி, எடையைக் குறைக்கிறேன் என்று அந்த நிறக் குறிப்பைக் கழற்றி எறிந்துவிடும். உடனே படம் வெளுத்துப்போகும், கிளிப்பச்சை சோகை பிடித்த பச்சையாகும். முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டுப் பிறகு சுருக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. எங்கள் தொழிலிலேயே பலர் கவனிப்பதில்லை. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது. இதை வைத்து ஜேபிஜி ஒரு சிக்கனம் செய்கிறது. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்று என்று வைக்கிறது. மலைக்கும் மரத்துக்கும் மனித முகத்துக்கும் இது போதும். சிவப்புப் பட்டில் வைர ஊசி ஓடியிருந்தால் போதாது. மயிரிழை போன்ற ஜரிகைக் கோடு தன் மஞ்சளைப் பக்கத்துச் சிவப்பில் பூசிவிடும். கரையும் உடலும் சேருமிடம் கசியும். கரையையும் உடலையும் கைத்தறியில் கோர்வையாக இணைத்த இடம் அது; அந்தக் கூர்மைக்குத்தான் அவ்வளவு விலை. அதுவே திரையில் சாயம் போன புடவை மாதிரி தெரிந்தால் யார் வாங்குவார்?

ஜேபிஜியில் அந்தச் சிக்கனத்தை வேண்டாம் என்று நிறுத்திவைக்கலாம். கோப்பு கொஞ்சம் கனக்கும். கூகுள் 2010-ல் கொண்டுவந்த வெப்பி வடிவத்தை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். கோப்பு நன்றாகச் சிறுக்கும், உண்மை. ஆனால் சுருக்கி இழக்கும் வகை வெப்பியில் நிறச் சிக்கனத்தை நிறுத்தவே முடியாது. பிறகு வந்த ஏவிஃப் வடிவத்தில் முடியும். ஆகவே ஒரே மருந்தை எல்லாப் படத்துக்கும் ஊற்றுவதில்லை. பெரிய புட்டா, அகலக் கரை என்றால் வெப்பி போதும். ஊசிக் கோடு, சின்னக் கட்டம் என்றால் ஏவிஃப், அல்லது சிக்கனம் நிறுத்திய ஜேபிஜி. ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் நடுவே ஒரு கோட்டை இழுத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிவப்பும் ஜரிகையும் சேரும் இடத்தைப் பெரிதாக்கி அந்தக் கோட்டை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருப்பதில் என் நாளில் கணிசமான நேரம் போகிறது.

மற்ற தொழில்நுட்பச் சங்கதிகள் சமையலில் உப்பு போடுவது போல. போட்டே ஆகவேண்டும், பேசுவதற்கு அதிகம் இல்லை. படத்தைப் பக்கத்தின் பின்னணியாக வைத்தால் கூகுள் அதைப் படமாகக் கணக்கில் எடுக்காது. முறையான படக் குறியில் வைக்கவேண்டும். நீள அகலத்தைச் சொல்லிவிட்டால் பக்கம் குதிக்காது. கீழே இருக்கும் படங்களைத் தாமதமாக வரவைக்கலாம். ஆனால் முதலில் கண்ணில் படும் பெரிய படத்தைத் தாமதப்படுத்தக் கூடாது. அது இரண்டரை வினாடிக்குள் வந்தால்தான் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. விரலால் தள்ளினால்தான் படம் வரும் என்று நிரல் எழுதியிருந்தால் அதோடு சரி. கூகுளின் இயந்திரம் பக்கத்தைத் தள்ளிப் பார்க்காது.

எந்தப் படம் மேலே வருகிறது என்பதில்தான் முதலாளிகளுக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை. அவர்கள் மாடல் பெண்ணை வைத்து, பூங்காவில் நிறுத்தி, பெரிய செலவில் எடுத்த படத்தை நம்புகிறார்கள். அப்படிப் படம் ஊர்முழுக்க இருக்கிறது. வேறு யாரிடமும் இல்லாத படம், யாரோ ஒருவர் மனதில் இருக்கும் கேள்விக்கு விடை சொல்லும் படம், அதுதான் நிற்கும் என்பது என் அனுபவம். ஒரு கடையில் நல்ல ஜரிகையைச் சுரண்டி, உள்ளே இருக்கும் சிவப்புப் பட்டு இழை வெளியே தெரியும்படி மிக அருகிலிருந்து எடுக்கச் சொன்னேன். கோர்வைக் கரையின் பின்பக்கத்தையும் எடுக்கவைத்தேன். “புடவையோட முதுகை எதுக்குப்பா காட்டணும்?” என்றார் முதலாளி. வாங்குகிற அம்மாக்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தானே! அந்தப் படங்கள் இருக்கும் பக்கத்துக்கு வருகிற கூட்டம் இன்னும் குறையவில்லை.

நல்ல படம் என்றால் திருட்டும் உண்டு. கடைகளே தங்கள் படங்களை மறுவிற்பனை செய்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. அவர்கள் தங்கள் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். ஒரே படம் பத்து இடத்தில் இருந்தால் கூகுள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, ஒரு பக்கத்தைத்தான் காட்டும். அது நெய்யக் கொடுத்தவர் பக்கமாக இருக்கும் என்று நிச்சயமில்லை. இதற்கு முதலாளி கண்டுபிடிக்கும் வைத்தியம், புடவையின் நடு உடலில் போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் அடிப்பது. கூகுளின் வணிகப் பட்டியலில் அப்படி எழுத்து அடித்த படத்துக்கு அனுமதியே இல்லை. நான் சொல்வது சுலபமானது: தளத்துக்கு ஒரு படம், வாட்ஸ்அப்புக்கு வேறு படம், தளத்தில் முதலில். உரிமைக் குறிப்பைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கலாம். 2018 முதல் கூகுள் அதைப் படத்தோடு காட்டுகிறது. அதே 2018 பிப்ரவரியில், கெட்டி இமேஜஸ் நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டை ஒட்டி, படத்தை மட்டும் தனியே திறக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள். பார்க்கிறவர் இப்போது பக்கத்துக்கு வந்தாக வேண்டும். படக்காரர்களுக்கு அது நல்லது.

இப்போது கூகுள் லென்ஸ் வந்தபின் சொல்லே இல்லாமல் தேடுகிறார்கள். கல்யாண வீட்டில் யாரோ கட்டியிருந்த புடவையைச் செல்பேசியில் பிடித்து அப்படியே கேட்கிறார்கள். அப்படியானால் ஆல்ட் வரியெல்லாம் எதற்கு என்று கேட்ட முதலாளியிடம் அந்த நீலப் புடவைகள் இரண்டின் படத்தையும் லென்ஸில் காட்டினேன். கிட்டத்தட்ட ஒரே குடும்பத்துப் புடவைகளாக வந்தன. உருவத்தை அது பிடிக்கிறது. ஆனந்தாவா எம்.எஸ்.ஸா என்பதை இன்னும் யாராவது எழுதித்தான் வைக்கவேண்டியிருக்கிறது.

கைத்தறிக் கடைக்கென்று இன்னொரு சிக்கல் இருக்கிறது. சட்டைக் கடையில் ஒரே படத்துக்கு ஆயிரம் சட்டை இருக்கும். இங்கே பெரும்பாலும் ஒரு படத்துக்கு ஒரு புடவை. விற்றதும் பக்கத்தை அழித்துவிடுவார்கள். படங்களைக் கூகுள் மெதுவாகத்தான் வந்து பார்க்கும். ஆவணி முகூர்த்தத்துக்கு வேண்டியதை வைகாசியிலேயே ஏற்றுங்கள் என்று சொல்வது அதனால்தான். அப்படிக் காத்திருந்து ஒரு படம் மேலே வந்து, புடவையும் விற்று, மறுநாளே பக்கம் காணாமல் போனால் சேர்த்த மதிப்பெல்லாம் போச்சு. பக்கத்தை விட்டுவையுங்கள், கையிருப்பு இல்லை என்று குறித்து, அதே ரகத்தில் உள்ளவற்றைக் கீழே காட்டுங்கள் என்பேன். “இல்லாத சரக்கைக் கடை வாசல்ல மாட்டுவாங்களா?” என்று ஒரு முதலாளி வெகுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில், ‘சொன்னால் நெய்து தருவோம்’ என்று ஒரு வரி சேர்த்தால் அழிக்காமல் விடலாம் என்று இறங்கிவந்தார். எப்போதோ விற்றுப்போன பாலும் பழமும் கட்டத்தைக் கேட்டு, கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தபோது நான் கடையில்தான் இருந்தேன். அவரிடம் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டு, கரைக்குத் துளை அடித்த ஜக்கார்டு அட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்க முதலாளி இன்னொரு போனில் தறிக்காரரைக் கூப்பிட்டார்.